மேனேஜருக்குச் சுற்றிப் போட்ட வெள்ளிக்கிழமை

அரியலூரிலிருந்து கிளி வந்து இறங்கி இன்றோடு முப்பத்தெட்டு நாள். இந்த முப்பத்தெட்டு நாளில் வளர்மதி ஒரு நாள்கூட காலை ஐந்தரை மணிக்கு மேல் படுத்திருந்ததில்லை. போன வாரம் அவளை நாம் விட்டுவிட்டு வந்தபோது, "அடுத்த வெள்ளிக்கிழமை நேர்லயே வந்து பாத்துக்கிறேன்" என்று அண்ணன் அண்ணாதுரை போனை வைத்திருந்தார். அவள் ஒரு கையில் போனும் ஒரு கையில் பால் கிண்ணமுமாகச் சமையல்கட்டில் நின்றிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை விடிந்தே விட்டது. இரண்டு நாள் கழித்து விடிந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று அவளுக்கு இருந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணாதுரைக்கு வயது அறுபத்தொன்று. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, மகன் சிங்கப்பூரில். அரியலூர் வீட்டில் துணை என்று இருந்தது பதினேழு வயது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்கிற தோரணையில் அது நடக்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

என்ன கொடுமை பாருங்கள். முப்பது வருஷம் சுண்ணாம்புத் தூசியைத் தின்றபோது வராத இருமல், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு வந்தது. கிளியின் இறகிலிருந்து மாவு மாதிரி உதிர்கிற தூள் நெஞ்சில் படிந்து நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது என்று திருச்சியில் டாக்டர் கண்டுபிடித்தார். "கிளி ஒரு வீட்ல இருக்கட்டும், நீங்க ஒரு வீட்ல இருங்க. சேர்ந்து இருந்தா ரெண்டு வருஷம் தாங்கறதே கஷ்டம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அப்படித்தான் மேனேஜர் பெரம்பலூருக்கு மாற்றலாகி, துறைமங்கலத்தில் தங்கை வீட்டு ஹாலில், டீவிக்குப் பக்கத்தில், ஆளுயரக் கூண்டோடு வந்து உட்கார்ந்தது.

குஞ்சாக இருந்தால் பழகிவிடும். பதினேழு வருஷம் ஒரே மனுஷன் தோளில் உட்கார்ந்து வளர்ந்த கிளியைப் பழக்குவது என்பது வேறு கதை. அரியலூரில் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு வம்பு பேசிய வாய், பெரம்பலூர் எல்லை தாண்டியதோடு மூடிக்கொண்டது. முப்பத்தெட்டு நாளாக ஒரு சத்தம் இல்லை. நெஞ்சில் இருந்த இறகை எல்லாம் அதுவே பிடுங்கிப் போட்டுவிட்டு, உரித்த கோழி மாதிரி ஒரு பக்கம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தது.

வளர்மதி விளக்கைப் போட்டாள். கூண்டின் மேல் போர்த்தியிருந்த துணியை மெல்ல எடுத்தாள். அடித்தட்டில் விரித்த பேப்பரை மாற்றினாள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். அவித்த மக்காச்சோளம், துருவிய காரட், நாலு கொத்து முருங்கைக்கீரை, இரண்டு காய்ந்த மிளகாய். மிளகாய் என்றதும் பயப்படாதீர்கள். கிளிக்கு நாக்கில் காரம் தெரியாதாம். வேறு எதைத் தொடாவிட்டாலும் அந்த மிளகாயின் விதையை மட்டும் மேனேஜர் பொறுக்கித் தின்னும்.

உப்பு கூடாது. வெங்காயம் கூடாது. டீ, சாக்லேட் கூடாது. கொசுவர்த்தி கூடாது. ஒட்டாத தோசைக்கல்லைச் சூடேற்றினால் வருகிற ஆவி ஆகாது என்று கல்யாணச் சீராக வந்த தோசைக்கல்லை சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியாயிற்று. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஹாலில் வெளிச்சம் கூடாது. கிளிக்குப் பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டும். டீவி பார்க்கவே முடியாமல் போனதில் வீட்டில் மற்றவர்களுக்குத் தினமும் ஒரு முணுமுணுப்பு. அதையும் வளர்மதிதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"நம்ம அம்மாவுக்குக்கூட இம்புட்டுப் பண்ணலடி" என்று ஒரு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தராசை எடுத்து மேஜையில் வைத்தாள். அண்ணன் கொடுத்து அனுப்பிய, எண் காட்டுகிற மின்தராசு, மேலே உட்காருவதற்கு ஒரு குச்சி பொருத்தியது. மேனேஜர் கையில் வராது, தோளில் ஏறாது; ஆனால் தினமும் காலையில் தராசில் ஏறி நிற்கிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. வேலைக்கு வந்ததும் கைரேகை வைக்கிற மாதிரி வந்து ஏறியது.

முந்நூற்று ஐம்பத்தாறு கிராம்.

வந்த அன்று நானூற்று முப்பத்திரண்டு. போன வாரம் முந்நூற்று அறுபத்தைந்து. வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். எண் மாறவில்லை.

அண்ணன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "முந்நூத்தி அறுவதுக்குக் கீழ எறங்குச்சுன்னா நான் தூக்கிட்டு வந்துருவேன். அப்ப நீ குறுக்க பேசக் கூடாது." அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள். அவர் தூக்கிக்கொண்டு போனால் கிளி பிழைக்கும். அவர் பிழைக்க மாட்டார். இன்று மதியம் அவர் வந்து இறங்கியதும் முதல் வேலையாகத் தராசைத்தான் கேட்பார்.

"எவ்ளோ?" என்று பின்னாலிருந்து கேட்டான் அவள் புருஷன் அறிவழகன். பாடாலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறான். இன்று அறுவடை, ஆள் வந்துவிடும்.

"அம்பத்தாறு."

"சொல்லிப்புடு. அவரு கிளி, அவரு கொண்டுட்டுப் போவட்டும்."

"கொண்டுட்டுப் போயி?"

"நீ பாக்குற வேலையில உன் மூஞ்சியப் பாத்தியா? உனக்குத்தான் டாக்டர் பாக்கணும் போலருக்கு."

"எங்கண்ணன் ரெண்டு வருஷத்துல போவட்டும்னு சொல்றீங்களா?"

"நான் எப்படி அப்டிச் சொன்னேன்?" அறிவழகன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். அங்கிருந்தே, "இந்தக் கிளி அம்பது வருஷம் இருக்குமாம். உனக்கு நாப்பத்தஞ்சு. கணக்குப் போட்டுக்க" என்றான்.

அவள் முன்பே போட்டுவிட்டாள். அவளுக்கு எழுபத்தெட்டு ஆகும்போதும் யாருக்காவது காரட் துருவிக்கொண்டிருப்பாள்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு விதைக் கடையில் அவளுக்கு வேலை. மதியத்தோடு வந்துவிடலாம் என்று முதலாளியிடம் நேற்றே சொல்லி வைத்திருந்தாள். கிளம்பும்போது பூவிழியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பூவிழி அறிவழகனின் தங்கை, முப்பத்தெட்டு வயது. ஜெயங்கொண்டத்தில் புருஷனோடு ஒத்துவராமல் மூன்று மாதமாக இங்கேதான் இருக்கிறாள். வேலைக்கு அஞ்சாதவள். நல்ல மனசு. வாய் மட்டும் கொஞ்சம் நிற்காது.

"அண்ணி, நேத்து மட்டும் பதினோரு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. எதுத்த வூட்டுக்காரரு, கிளி வளத்தா கேஸு போட்டுருவாங்கன்னு வேற சொல்றாரு."

"பச்சைக்கிளி வளத்தாத்தான் கேஸு. இது வெளிநாட்டுக் கிளி, அண்ணன் பதிவு பண்ணி பேப்பரு வச்சிருக்காருன்னு சொல்லு."

"சொன்னேன். அதுக்கு, இம்புட்டுச் செல்லமா வளக்குறீங்களேன்னு ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. கண்ணு பட்டுருமோன்னு இருந்துச்சு எனக்கு."

"ஆளுங்களை உள்ள விடாத, அது போதும். எலச்சுக் கெடக்குது, பயந்துக்கும்."

"நீங்களுந்தான் எலச்சுட்டீங்க" என்றாள் பூவிழி.

வளர்மதி அதைக் காதில் வாங்கிக்கொள்ள நேரமில்லாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

பதினொன்றே காலுக்கு, மக்காச்சோள விதை கேட்டு வந்தவருக்குப் பில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன்."

"என்ன?"

"வாங்களேன்." அதற்கு மேல் பூவிழிக்குப் பேச்சு வரவில்லை. எப்போதும் நிற்காத வாய் நின்றுபோனதைக் கேட்டதும் வளர்மதி எழுந்துவிட்டாள். பில் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டு கேட்டைத் திறக்கும்போதே தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணில் நீர் கொட்டியது. வாசல் கதவும் ஜன்னல்களும் அகலத் திறந்து கிடந்தன, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பூவிழி விசிறியால் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு இரும்புச் சட்டி, அதில் கரித்துண்டும் கருகிய மிளகாயும்.

"அடிப் பாவி, என்னடி பண்ணே?"

"சுத்திப் போட்டேன் அண்ணி..."

மேனேஜர் கூண்டின் அடித்தட்டில், பேப்பர்மேல் உட்கார்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சிவப்பு வால் மேலும் கீழும் ஆடியது. மூச்சோடு வால் ஆடினால் ஒரு நிமிஷம் தாமதிக்காதே என்று அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

வளர்மதி துண்டை எடுத்தாள். முப்பத்தெட்டு நாளில் அவள் அதைக் கையால் தொட்டதே இல்லை. ஒரு முறை விரலை நீட்டியதற்கு நகம் பிய்ந்து போனது. இப்போது துண்டோடு சேர்த்துத் தூக்கினாள். அது கடிக்கவில்லை. கடித்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆட்டோவைக் கூப்புடு."

ஆட்டோவில் பூவிழி அழுதுகொண்டே சொன்னாள். முதலில் கொல்லையில்தான் நெருப்பு மூட்டினாளாம். மிளகாய், கல்லுப்பு, கடுகு, வாசல் மண் எல்லாம் கையில் வைத்துக் கூண்டை மூன்று முறை சுற்றிக் கொண்டுபோய் நெருப்பில் போட்டிருக்கிறாள். கொல்லையில் காற்று. நெடியே வரவில்லை.

"நெடி வரலன்னா பெரிய கண்ணுன்னுதானே அர்த்தம்? ஊருக்கண்ணு மொத்தமும் இதும்மேலதான் கெடக்குன்னு நெனச்சேன். இன்னொரு கைப்பிடி எடுத்து, கிட்டயே வச்சு எடுத்தாத்தான் போவும்னு சட்டியை உள்ள கொண்டாந்தேன். பூனை வந்துரும்னு ஜன்னலைச் சாத்திட்டேன். மொதல்ல போட்டதோட சாம்பலை முச்சந்தியில கொட்டிட்டு வந்துரலாம்னு போனேன். பத்தே நிமிஷம் அண்ணி."

"மொளகா நெடி மனுஷனுக்கே ஆவாது. கிளிக்கு எப்படிடி ஆவும்?"

"தெனமும் மொளகாதானே திங்குது! திங்கிறதுக்குப் புகை என்ன பண்ணிரப் போவுதுன்னு..." பூவிழி மூக்கை உறிஞ்சினாள். "உங்களையும் நெனச்சுத்தான் அண்ணி சுத்துனேன். ராத்திரி பத்து மணிக்குப் படுத்து விடியக்காலம் எழும்புறீங்க. மூஞ்சியே சுண்டிப் போச்சு. அது நாலு வாய் தின்னா நீங்க ஒரு நாளு தூங்குவீங்கன்னு பாத்தேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்த வளர்மதி மூடிக்கொண்டாள். வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துச் சுற்றிப் போட ஒருத்தி இருந்திருக்கிறாள். அதற்காகச் சந்தோஷப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை. மடியில் இருந்த துண்டு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

நான்கு ரோட்டுப் பக்கம் டாக்டர் ஹேமலதாவின் கால்நடை மருத்துவமனை. அங்கே நாயும் ஆடும்தான் அதிகம் வரும். மேனேஜரை ஏற்கெனவே இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்தவர் என்பதால், வரிசையில் நின்ற வெள்ளாட்டைத் தாண்டி அவர்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். மூடி போட்ட பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றில் கிளியை விட்டு, ஆக்ஸிஜன் குழாயை உள்ளே கொடுத்தார். பிறகு சென்னையில் பறவை வைத்தியம் பார்க்கிற சிநேகிதிக்குப் போன் போட்டுப் பேசி, ஊசி ஒன்றைப் போட்டார்.

"பறவைக்கு நம்மள மாதிரி நுரையீரல் மட்டும் இல்லம்மா. ஒடம்பு பூரா காத்துப் பை. புகை போச்சுன்னா எல்லா எடத்துக்கும் போயிரும். சாம்பிராணியே ஆகாது. நீங்க மொளகாயப் போட்டிருக்கீங்க."

"பொழைச்சுக்குமா டாக்டர்?"

"எடை எவ்ளோ?"

"முந்நூத்தி அம்பத்தாறு."

ஹேமலதா ஆக்ஸிஜனை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். "ரெண்டு மணி நேரம் பாப்போம்" என்றார்.

வளர்மதியின் போன் அடித்தது. அண்ணன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை எடுத்தாள்.

"மதி, பேரளி தாண்டிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவேன்." பேச்சுக்கு நடுவில் ஒரு இருமல். "மேனேஜர் என்ன பண்றாரு?"

"தூங்குதுண்ணே."

"இந்நேரத்துலயா? அவரு மத்தியானம் தூங்க மாட்டாரே."

"தூங்குதுண்ணே. நீ வா." போனை வைத்துவிட்டாள். பொய் சொன்ன வாய் கசந்தது. வீட்டுக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள். "அண்ணே, வூட்டுக்குப் போவாத. நாலு ரோட்டுல எறங்கு. ஹேமலதா டாக்டர்கிட்ட இருக்கோம்."

மறுமுனையில் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது.

இருபது நிமிஷத்தில் அண்ணாதுரை வந்தார். முப்பத்தெட்டு நாளில் மனுஷன் பாதியாகியிருந்தார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. நாலு படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார். டாக்டர் சொன்னபடி மூக்கை மூடிக் கவசம் போட்டிருந்தார். பின்னாலேயே பூவிழி, "மாமா, நான்தான் மாமா, எல்லாம் நான் பண்ணுனதுதான் மாமா" என்று நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் அவளைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

"எங்க?"

வளர்மதி உள்ளறைக் கதவைக் காட்டினாள். "உள்ள போவாதண்ணே. அதோட இறகுத்தூள் உனக்கு ஆவாது. இங்கேருந்தே பாரு."

கதவில் பதித்த கண்ணாடி வழியாகப் பார்த்தார். தொட்டியின் மூலையில் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு, பந்தாகச் சுருண்டிருந்தது. நெஞ்சுப் பக்கம் இறகே இல்லை.

"என்ன மதி, பிச்சுக்கிச்சா?"

"உனக்குச் சொன்னா நீ தாங்க மாட்டேன்னு சொல்லல."

"எடை?"

அவள் சொன்னாள்.

அண்ணாதுரை ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கை ஊன்றி, விடாமல் இருமினார். அடியிலிருந்து இழுத்து, கடைசியில் ஒரு விசில் சத்தத்தோடு முடிகிற இருமல்.

உள்ளே தொட்டிக்குள்ளிருந்து அதே இருமல் கேட்டது.

அதே இழுப்பு. கடைசியில் அதே விசில். ஹேமலதா பதறிப்போய்த் தொட்டிப் பக்கம் ஓடினார். "என்னம்மா இது, நெஞ்சு அடைச்சிருச்சா?"

"இல்ல டாக்டர்" என்றாள் வளர்மதி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இது எங்கண்ணன் இருமல். ரெண்டு வருஷமாக் கேட்டுக் கேட்டு அது கத்துக்கிட்டிருக்கு. இங்க வந்ததுலேருந்து வாயே தொறக்கல டாக்டர். இதான் மொத சத்தம்."

மேனேஜர் கண்ணைத் திறந்திருந்தது. கழுத்தை நீட்டிக் கதவுப் பக்கம் பார்த்தது. இன்னொரு முறை இருமியது. பதில் வருமா என்று தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. ஹேமலதா எதிர்க்கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த அவித்த சோளத்தில் ஒரு முத்தை இடுக்கியில் எடுத்து நீட்டினார். பார்வையைக் கதவிலிருந்து எடுக்காமலே வாங்கிக்கொண்டது. இரண்டாவதையும் வாங்கியது.

அரை மணி நேரத்தில் வால் ஆடுவது குறைந்தது. "இன்னும் ரெண்டு நாள் இங்கதான் இருக்கணும். ஆனா திங்குது. அது பெரிய விஷயம்" என்று ஹேமலதா வெளியே வந்து சொன்னார். பூவிழி சுவரோடு சரிந்து உட்கார்ந்து, மாரியம்மனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டாள்.

அண்ணாதுரை கவசத்தை இறக்கி முகத்தைத் துடைத்தார். "ரெண்டு நாளு கழிச்சு நான் வந்து கூட்டிட்டுப் போறேன் மதி. நீ சொன்ன வாக்கு."

வளர்மதிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை.

"கூட்டிட்டுப் போ. ரெண்டு நாளு எதுக்கு, இன்னிக்கே போ. எனக்கும் விட்டுது தொல்லை. முப்பத்தெட்டு நாளு, அண்ணே. ஒரு நாளு முழுசாத் தூங்கல. ஒரு கல்யாணம் காச்சிக்குப் போகல. வூட்ல மொளகா வறுக்கல, மூச்சு விடல. அது தின்னுச்சான்னு பாத்துட்டுத்தான் நான் தின்னேன். எதுக்கு? கிளிக்காகவா? எனக்கு என்ன, கிளின்னா உசுரா? நீ இருக்கணும்னு பண்ணேன். நீ என்னடான்னா அதைத் தூக்கிட்டுப் போயி அது தூளுலயே சாவுறேங்குற."

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

வெள்ளாட்டுக்காரர் உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாதுரை பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மறுபடி இருமல். இந்த முறை அவர் நிமிர்வதற்குள் வளர்மதி அவர் முதுகில் கை வைத்துவிட்டாள். கைக்கு அடியில் எலும்பு தட்டியது. சட்டையின் தோளில் மாவு அப்பிய மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். தினமும் கூண்டுத் தட்டில் துடைத்து எடுக்கிற தூள்.

அவள் கை அப்படியே நின்றது.

"அண்ணே. கிளி போயி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. இருமல் கொறையணும்ல? ஏன் கூடியிருக்கு?"

"வயசாவுதுல்ல."

"இந்தத் தூளு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அண்ணே, என்னைப் பாரு. கிளி இருந்த அந்த ரூமைக் கழுவச் சொன்னாங்கல்ல டாக்டர்? பாய், துணி, ஸ்கிரீனு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, சுவத்தைக்கூடத் தொடைக்கச் சொன்னாங்கல்ல? ஆள் வச்சுக் கழுவிட்டேன்னு எங்கிட்ட சொன்னீல்ல?"

"சொன்னேன்."

"கழுவுனியா?"

அண்ணாதுரை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பூட்டித்தான் வச்சிருக்கேன். யாரையும் விடல."

"நீ?"

"நான் அங்கதான் படுத்துக்கிறேன்."

"கடவுளே."

"வேற எங்க தூக்கம் வருது சொல்லு? பதினேழு வருஷமா அந்த ரூமு. அது உக்காந்த குச்சி இருக்கு. உதுந்த இறகு கெடக்கு. ஜன்னலைத் தொறந்தா வாசம் போயிரும்னு சாத்தியே வச்சிருக்கேன்." அவர் கவசத்தை மறுபடி மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "வூட்ல ஒரு சத்தம் இல்ல மதி. நான் இருமுனா திரும்ப இரும ஆளு இல்ல."

வளர்மதி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளி இங்கே பட்டினி கிடந்திருக்கிறது. அவள் தூங்காமல் கிடந்திருக்கிறாள். அண்ணன் அங்கே சாத்திய அறைக்குள் அந்தத் தூளையே ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். யாருக்காக யார் என்ன செய்தது என்று யோசிக்கக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. அண்ணன்மேல் அப்போது வந்த பாசத்தையும் ஆத்திரத்தையும் அவளால் பிரிக்க முடியவில்லை.

ஹேமலதா ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்தார். "ரெண்டு நாள் வச்சுக்கிறதுக்கு ஒரு கையெழுத்து வேணும். ஏதாவது ஆச்சுன்னா யாருகிட்ட கேக்கணுமோ, அவங்க போடணும். கிளி யாரோடது?"

அண்ணாதுரை பேனாவை வாங்கினார். தாளை முழங்காலில் வைத்துக் குனிந்தார். பேனா தாளைத் தொட்டது. உள்ளேயிருந்து மேனேஜர் ஒரு முறை இருமியது. அவர் பேனாவைத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தங்கையிடம் நீட்டினார்.

"நீயே போடு மதி. இனிமே உன்னோடதுன்னே எழுதிரு."

அதைச் சொல்ல அவர் என்ன பாடு பட்டார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அவள் பேனாவை வாங்கவில்லை. கையை மட்டும் விரித்து நீட்டினாள்.

"போடுறேன். மொதல்ல அந்த ரூம் சாவியைக் குடு. நானும் பூவிழியும் இப்பவே பஸ்ஸு ஏறி வந்து கழுவுறோம்."

பூவிழி எழுந்து நின்றாள்.

அண்ணாதுரை பேனாவைப் பெஞ்சின்மேல் வைத்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். உள்ளே சாவி குலுங்கியது எல்லோருக்கும் கேட்டது.

விட்ட கை வெளியே வரவில்லை.